பின்னத்துலயும் முதலை வாய்லயும் மார்க் போற இடங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல வீட்டு வாசல்ல ரெண்டு மேசை போட்டு சாயங்காலத்துல தோட்டத்துப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குறேன், பாரம் 1லேர்ந்து பாரம் 5 வரைக்கும், அதாவது இடைநிலைப்பள்ளி வகுப்புங்க. பாரம் 1ல ஏழாவது பாபுல (பாடத்துல) கெத்தாக்சமாஆன் வருது, அதாவது சமனின்மை, முதலை வாய் மாதிரி இருக்கிற <, > குறி போடுற கணக்கு. பாரம் 2ல ரெண்டாவது பாபுல பெச்சாஹான் அல்ஜிப்ரா, அதாவது இயற்கணிதப் பின்னம் வருது, இந்த ரெண்டுலயும் யாரு வந்து உக்காந்தாலும் தப்பு விழுற இடம் அதே இடந்தான். அதான் எழுதிடலாம்னு. போன்ல டைப் பண்றதால எக்ஸுக்குப் பதிலா 'க'ன்னு போடுறேன்.

முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க.

(க − 3)/2 − (க − 5)/3 = 2

எல்லாரும் 6ஆல பெருக்கணும்னு கரெக்டா சொல்லிடுவாங்க. அடுத்த வரிதான் பிரச்சனை. 3க − 9 − 2க − 10 = 12ன்னு எழுதி க = 31ன்னு முடிச்சிடுறாங்க. அந்த −10 எங்கேர்ந்து வந்துச்சு? பின்னத்துல நடுவுல போடுற கோடு இருக்கே, அது சும்மா கோடு இல்ல, மேல இருக்கிற மொத்தத்தையும் கட்டி வச்சிருக்கிற அடைப்புக்குறி அது. கோட்டை அழிச்சீங்கன்னா அந்த இடத்துல அடைப்புக்குறி வந்தாகணும். 3(க − 3) − 2(க − 5) = 12, முன்னாடி இருக்கிற மைனஸ் உள்ள இருக்கிற ரெண்டையும் தொடும், அப்போ −2க + 10. க + 1 = 12, க = 11. திரும்பப் போட்டுப் பாருங்க, 8/2 − 6/3, 4 − 2, சரியா 2 வருது. 31ஐப் போட்டா 14லேர்ந்து 26/3ஐ கழிக்கணும், 2 பக்கத்துலகூட வராது. இந்த அடைப்புக்குறி வரியை மனசுல போட்டுட்டு தாண்டிடாதீங்க, எழுதுங்க, பாரம் 5ல எழுதுற எஸ்பிஎம் பரீட்சையில ரெண்டாவது பேப்பர்ல ஜாலான் கெர்ஜாவுக்கும் (செய்முறைக்கும்) மார்க் இருக்கு.

அதே கணக்குல இன்னொண்ணு, இடது பக்கம் 6ஆல பெருக்கிட்டு வலது பக்கம் இருக்கிற 2ஐ அப்படியே விட்டுடுறது. அதுல பின்னம் இல்லையே சார்னு கேப்பாங்க. பின்னம் இருக்கோ இல்லையோ பெருக்குனா எல்லாத்தையும் பெருக்கணும், இல்லன்னா ரெண்டு பக்கமும் சமமா இருக்காது.

வெட்டுறதுல வர்ற தப்பு வேற. (க + 6)/6ஐ பார்த்ததும் மேல 6 கீழ 6ன்னு அடிச்சிட்டு 'க'ன்னு எழுதுறாங்க. க இடத்துல 12 போடுங்க, 18/6 = 3, ஆனா நீங்க சொல்ற விடை 12. கூட்டல்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறதைத் தனியா வெட்ட முடியாது, பெருக்கல்ல இருந்தாத்தான் வெட்டலாம். 6க/6னா தாராளமா வெட்டுங்க.

இப்போ முதலை வாய். 7 − 2க < 15. 7ஐ ரெண்டு பக்கமும் கழிச்சா −2க < 8, இங்க −2ஆல வகுக்கும்போது குறி திரும்பணும், க > −4. ஏன் திரும்புதுன்னு கேட்டா பாதிப் பேருக்கு தெரியாது, ரூல்ஸ்னு சொல்லுவாங்க. நான் கடையில கடன் எழுதி வைக்கிற சின்ன நோட்டு, அந்த 555 புக்கை வச்சுத்தான் சொல்லுவேன். கையில 3 வெள்ளி (ரிங்கிட்) வச்சிருக்கிறவனைவிட 5 வெள்ளி வச்சிருக்கிறவன் வசதி. அதே ரெண்டு பேரும் 555 புக்குல கடனா எழுதிட்டாங்கன்னு வைங்க, ஒருத்தன் 3 வெள்ளி கடன் இன்னொருத்தன் 5 வெள்ளி கடன், இப்போ யாரு வசதி? 3 வெள்ளிக்காரன். 3 < 5, ஆனா −3 > −5. மைனஸால பெருக்குறதும் வகுக்குறதும் இருப்பைக் கடனா மாத்துற மாதிரி, வரிசை தலைகீழாயிடும். இதைச் சொன்ன நாளைக்கு ஒரு பாரம் 1 பொண்ணு தானாவே ஒரு நம்பர் கோடு போட்டு பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ரெண்டு அம்பு வரைஞ்சு காட்டுனா, எனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதைப் படிச்சதும் வர்ற அடுத்த தப்பு, மைனஸைக் கண்ட இடத்துலெல்லாம் திருப்பிடுறது. 2க < −8 இருந்தா வகுக்குறது +2ஆல, குறி அப்படியே இருக்கும், க < −4. கூட்டுனாலும் கழிச்சாலும் திரும்பாது. எதால வகுக்குறோம்ங்கிறதை மட்டும் பாருங்க.

வாக்கியக் கணக்குலதான் எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா அங்க கணக்கு தெரிஞ்ச பிள்ளைங்களும் விழுறாங்க. செக்குராங்-குராங்ஞா 80ன்னு மலாய்க் கேள்வியில இருக்கும், அதாவது குறைஞ்சது 80. குறைவுன்னு அர்த்தம் வர்ற 'குராங்'ங்கிற சொல்லைப் பார்த்ததும் ≤ 80ன்னு போட்டுடுறாங்க. தமிழ்ல யோசிச்சா தப்பே வராது. "குறைஞ்சது அஞ்சு வெள்ளியாவது வேணும்மா"ன்னு அம்மாகிட்ட கேட்டா மூணு வெள்ளி வாங்கிட்டுப் போயிடுவீங்களா? அஞ்சு, இல்ல அதுக்கு மேல. குறைங்கிற சொல் அதுலயும் இருக்கு, ஆனா அர்த்தம் ≥. அதே மாதிரி செலெபே-லெபேஞா (அதிகபட்சம்) வந்தா ≤. தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் தமிழ்ல கணக்கு படிச்சிட்டு பாரம் 1ல எல்லாம் மலாய்க்கு மாறும்போது பிள்ளைங்க தமிழை அப்படியே வாசல்ல விட்டுட்டுப் போயிடுறாங்க, அதை விடாதீங்க, கேள்வியை ஒரு தடவை தமிழ்ல சொல்லிப் பார்த்துட்டு அப்புறம் எழுதுங்க.

ரெண்டும் சேர்ந்து வந்தா, (4 − க)/3 ≤ (க + 2)/2. 6ஆல பெருக்குனா 8 − 2க ≤ 3க + 6. க பிளஸ்ஸா இருக்கிற பக்கத்துக்கு எல்லா 'க'வையும் கொண்டு போங்க, 2 ≤ 5க, குறி திருப்புற வேலையே இல்ல. 2/5 ≤ க. இதைத் திருப்பி எழுதும்போது க ≤ 2/5ன்னு போட்டுடாதீங்க, வாய் எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு பாருங்க, க ≥ 2/5. நம்பர் கோட்டுல 2/5 மேல வட்டத்தை நிரப்பணும், சமக் குறி இருக்குல்ல.

மேல் வகுப்பு போறவங்களுக்கு ஒண்ணு. 6/க > 2ல கீழ 'க' இருக்கு, அது பிளஸ்ஸா மைனஸான்னு நமக்குத் தெரியாது, அதனால நேரா 'க'வால பெருக்க முடியாது. பெருக்கி க < 3ன்னு முடிச்சா −1ம் உள்ள வந்துடும், போட்டுப் பார்த்தா −6 > 2, பொய். க மைனஸா இருந்தா 6/க மைனஸாத்தான் வரும், 2ஐ எப்படி தாண்டும்? அப்போ க பிளஸ்ஸாத்தான் இருக்கணும், விடை 0 < க < 3.