கார் கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்: எப்படி என்று சொல்கிறேன்

என்னுடைய 2012 மாருதி 800-ஐ வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாற்றி, அதை ஆர்.சி.யிலும் (வண்டியின் பதிவுச் சான்று) ஏற்றியாயிற்று. அதே சமயத்தில் மச்சானின் வேகன் ஆருக்கு சிஎன்ஜி கிட் போட்டு அதையும் முறையாகப் பதிந்தோம். மன்னார்குடிப் பக்கம் இதைச் சொன்னால் பாதிப் பேர் “அதெல்லாம் யார் பார்க்கப் போறா?” என்கிறார்கள், மீதிப் பேர் என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்கிறார்கள். இது அந்த மீதிப் பேருக்கு. முதல் வகைக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-வின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

முதலில், எதற்கு அனுமதி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கம்பெனி கொடுத்த விவரம் ஒன்றாகவும் வண்டி வேறாகவும் இருக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதனால் சேசிஸை வெட்டுவது, கூரையை அறுத்து ஜீப் மாதிரி ஆக்குவது எல்லாம் எந்த ஆர்டிஓவிலும் நடக்காது. கலர், அங்கீகாரம் பெற்ற சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட், மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கான கைக் கட்டுப்பாடுகள், இதெல்லாம் நடக்கும். சீட் கவருக்கும் ஸ்டீரியோவுக்கும் யாரையும் கேட்க வேண்டாம். முன்பக்கம் பம்பருக்கு மேல் இரும்புக் கம்பி கட்டியிருந்தால் வண்டி காட்டப் போகும் முன் கழற்றிவிடுங்கள். கறுப்பு ஃபிலிமையும் உரித்துவிடுங்கள், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

கலர் தேர்வில் ஒரு எச்சரிக்கை. ராணுவப் பச்சை வேண்டவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். பழைய ஜீப் வைத்திருக்கிற நம்மூர்ப் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை, பெயிண்ட் அடித்த பிறகுதான் ஓடி வருகிறார்கள்.

அடுத்து பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில், ஆர்.சி. சேவைகளில் வாகனத்தில் மாற்றம் செய்வதற்கான விண்ணப்பம் இருக்கும். கணக்குத் தொடங்குவதையெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். சலான் பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். வண்டி உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்: வண்டி எண் டிஎன் 49 என்றால் தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை.

அனுமதி வந்த பிறகே பெயிண்டரிடம் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விடாதீர்கள், அடைமழையில் பிரைமர் சரியாகக் காயாமல் பின்னால் கொப்புளம் போடும். தை அறுவடையில் ரோட்டில் வைக்கோல் தூசி பறக்கும், திறந்த ஷெட் என்றால் அதுவும் ஒட்டும். என் ஓட்டு பங்குனிக்கு. ஸ்டிக்கர் சுற்றும் வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை, நம் வெயிலில் ஓரம் தூக்கிவிடும். அப்படிச் சுற்றி மொத்தக் கலரையும் மாற்றினாலும் ஆர்.சி.யில் சொல்லத்தான் வேண்டும்.

இனிமேல்தான் என் வண்டி மாட்டிய இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

800-க்கு சேசிஸ் நம்பர் பானட்டைத் தூக்கினால் இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரில் பஞ்ச் செய்திருக்கும், எம்ஏ3 என்று தொடங்கும் 17 எழுத்து. பெயிண்டர் அக்கறையாக இஞ்சின் அறைக்குள்ளும் நீலம் அடித்துவிட்டார், அதற்கு முன் பிரைமரும். பள்ளமெல்லாம் நிரம்பிவிட்டது. வண்டியைக் காட்டப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, நம்பரைக் காணோமே?” என்றார். நம்பர் படிக்க முடியாத வண்டிக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார், அதில் தப்பே இல்லை.

பெயிண்டர் எமரி பேப்பரை எடுத்தார். அதைத் தடுத்ததுதான் வண்டியைக் காப்பாற்றியது. தேய்த்த தடம் இருந்தால் நம்பரை மாற்றிப் பஞ்ச் செய்திருப்பாயோ என்ற சந்தேகம் வரும், அதன் பிறகு அது கலர் விவகாரமாக இருக்காது. பெயிண்ட் ரிமூவரைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவி, அது சுருங்கி எழும்பியதும் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் வழித்து, எழுத்துப் பள்ளங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். கையுறை கட்டாயம். எல்லா எழுத்தும் வந்தபின் அங்கே மெல்லிய கிளியர் கோட் மட்டும். உங்கள் பெயிண்டரிடம் முதலிலேயே நம்பர் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லிவிட்டால் இந்தக் கூத்தே இல்லை.

அப்புறம் பேப்பரோடு கொடுக்க சேசிஸ் நம்பரின் பென்சில் அச்சு. 2பி பென்சிலால் நம்பர் மேல் நன்றாகத் தேய்த்து, அகலமான செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். மெல்லிய டேப் வாங்காதீர்கள், இரண்டு துண்டாக ஒட்டினால் நடுவில் எழுத்து உடைகிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தால் முதல் நாளே கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவி, துணியால் துடைத்துக் காயவைத்துவிட்டு எடுங்கள்.

மாற்றம் செய்த 14 நாளுக்குள் அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். வந்ததும் கலர் கட்டத்தைச் சரிபாருங்கள், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பி பாலிசியிலும் மாற்றத்தைப் பதிந்த எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள்.

சிஎன்ஜிக்கு நடைமுறை இதேதான், பேப்பர்தான் கூடுதல்: உங்கள் மாடலுக்கே கிட் அங்கீகாரம் பெற்றது என்பதற்கான சான்று, பொருத்தியவரின் பில், சிலிண்டர் சோதனைச் சான்று. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சமையல் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்கள் இங்கே இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இரண்டு மூன்று பேர் ஓடிபி வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் ஆர்.சி.யில் பழைய ஓனரின் மொபைல் எண் இருக்கலாம், ஓடிபி அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதே பரிவாகனில் மொபைல் எண்ணை முதலில் மாற்றிவிட்டு, பிறகு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.