ஐஸ்லாந்தின் கோல்டன் சர்க்கிள்: முதல்முறை ஒருநாள் வேன் டூர் போகிறவர்களுக்குப் படிப்படியாக

நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் கீசருக்குப் பெயர் தந்த இடம் ஐஸ்லாந்தில் இருக்கிறது. கேய்சிர் என்பது அங்கே பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர். அந்தப் பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் ஊர் எலெக்ட்ரிக் கடைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஊற்று, ஒரு பெரிய அருவி, நிலம் பிளந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு ஆகிய மூன்றையும் சுற்றி வரும் பாதைதான் கோல்டன் சர்க்கிள். தலைநகர் ரெய்க்யவிக்கில் காலையில் கிளம்பினால் சுமார் 230 கிலோமீட்டர் சுற்றிவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல்முறை அவசர அவசரமாகப் பார்த்தேன், இரண்டாம் முறை நிதானமாகப் பார்த்தேன். அந்த இரண்டாவது நாளைப் போல உங்கள் முதல் நாளே அமைய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

ஐஸ்லாந்தில் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மாதத்தைத் தேர்வு செய்ய வேண்டும். ஜூன் கடைசியில் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவு வாக்கில் மறைந்து மூன்று மணிக்கெல்லாம் மறுபடி எழுந்துவிடும். டிசம்பர் கடைசியில் காலை பதினொன்றரைக்குச் சற்று முன் உதித்து மாலை மூன்றரைக்கு அடங்கிவிடும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் மூன்று இடங்களையும் பார்த்தாக வேண்டும். முதல்முறை என்றால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போவது நல்லது. பனிக்காலத்தின் அழகே வேறு, மறுக்கவில்லை. ஆனால் பாதையெல்லாம் கண்ணாடிபோல உறைந்துகிடக்கும். அருவியின் கீழ்ப்பாதையையும் பல நாள் மூடிவிடுவார்கள்.

இன்னொரு விஷயம். ஐஸ்லாந்தில் நீங்கள் தங்கும் கடைசி நாளில் இந்த டூரை வைக்காதீர்கள். புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் வைத்திருந்தால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கும்.

படி 2: டூரைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய பஸ்ஸில் ஐம்பது பேர் வரை வருவார்கள். சின்னக் குழு என்றால் ஏறத்தாழ இருபது பேருக்குள் அடங்கும் மினிபஸ். விலை கூடுதல்தான். ஆனாலும் அதையே எடுங்கள் என்பேன். ஐம்பது பேர் இறங்கி ஏறவே ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் போய்விடும். வேனில் அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு மிச்சம். ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பார், கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும்.

புக்கிங் பக்கத்தில் எத்தனை இடம் என்று எண்ணாதீர்கள், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். முதல்முறை நான் எட்டு இடம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினேன். ஊற்றுக்கு ஒதுக்கியது பதினைந்தே நிமிடம். நீர் எழுந்ததை இரண்டு தடவை பார்த்தேன், இரண்டையும் போன் திரை வழியாகத்தான். இறங்கி நடக்க நேரமில்லாத இடம் கணக்கில் சேராது.

திங்வெட்லிர் பள்ளத்தாக்கு ஒரு மணி நேரம், கேய்சிர் ஒரு மணி நேரம், குட்ல்ஃபோஸ் அருவி முக்கால் மணி, கெரித் எரிமலை வாய் அரை மணி, வெந்நீர்க் குளியல் ஒன்றரை மணி. இந்த அளவில் ஒரு டூர் கிடைத்தால் யோசிக்காமல் பதிவு செய்யுங்கள். கெரித்துக்கும் குளத்துக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. அது டூர் விலையில் சேர்ந்ததா, தனியா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஃபோஸ் என்றால் அருவி, க்வெர் என்றால் வெந்நீர் ஊற்று, லாய்க் என்றால் குளிக்கும் குளம். ரெய்க்யவிக் என்பதற்கே புகை விரிகுடா என்றுதான் பொருள். மூன்று சொல் தெரிந்தால் போதும், வழியில் வரும் பலகைகளில் பாதி புரியும்.

படி 3: பையைக் கட்டுங்கள்

குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அந்தக் காற்றுக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உடம்போடு ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும், ஜூலையிலும்தான். ஜீன்ஸ் வேண்டாம். அருவிச் சாரலில் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. காலுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ. பனிக்காலம் என்றால் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை கட்டாயம்.

குளியலுக்கு நீச்சல் உடை, துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. நீச்சல் துணியில் தைத்த முழுக்கை, முழுக்கால் உடையும் சரிதான். பருத்தி டீ-சர்ட் மட்டும் வேண்டாம். வெள்ளிக் கொலுசு, மோதிரம், சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். அந்த நீரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும்.

காலி பாட்டில் ஒன்று போதும். குழாயின் குளிர்ந்த நீரையே பிடித்துக் குடிக்கலாம், அவ்வளவு சுத்தம். வழியில் சாப்பாடு விலை அதிகம், சைவத்துக்குத் தேர்வும் குறைவு. முந்தின நாளே சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, பழம், ஸ்கீர் என்ற கெட்டித் தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காதவர்களுக்கு ஸ்கீர் பெரிய ஆறுதல்.

படி 4: காலையில் வேனைப் பிடியுங்கள்

ரெய்க்யவிக்கின் நடுநகரில் ஹோட்டல் வாசலுக்கே பஸ் வராது. எண் போட்ட நிறுத்தங்கள் இருக்கும். உங்கள் நிறுத்தத்தின் எண்ணை முந்தின இரவே பார்த்து, ஒருமுறை நடந்து போய்வந்துவிடுங்கள். ஏற்றிக்கொள்ள அரை மணி நேர அவகாசம் சொல்வார்கள், அதன் தொடக்கத்திலேயே போய் நிற்க வேண்டும். வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் கதவை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று கதவை மடக்கிவிடும் என்பது மிகையல்ல.

படி 5: திங்வெட்லிரில் மேலிருந்து கீழே நடங்கள்

வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடம் இது. விலகும் வேகம் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர். பலரும் ஒரு பாறை இடுக்கில் கால் பரப்பி நின்று, இரண்டு கண்டத்திலும் நிற்கிறேன் என்று படம் எடுப்பார்கள். உண்மையில் அந்த விலகல் ஒற்றைக் கோடு அல்ல, பல கிலோமீட்டர் அகலமான பள்ளத்தாக்கு. மேலே பார்வைத் தளத்தில் நின்று இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாகக் கண்ணை ஓட்டினால்தான் அந்த அளவு பிடிபடும்.

பிறகு அல்மன்னகியா என்ற பிளவுக்குள் இறங்கும் பாதையில் நடங்கள். ஒரு பக்கம் கறுப்பு லாவாப் பாறை சுவராக எழுந்து நிற்கும். 930-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துக்காரர்கள் அல்திங்கி என்ற தங்கள் நாடாளுமன்றச் சபையைக் கூட்டியது இங்கேதான். சட்டம் எழுத்தில் இல்லாத காலம், ஒருவர் பாறைமேல் நின்று மனப்பாடமாகச் சொல்வார். 1944 ஜூன் 17 அன்று குடியரசை அறிவித்ததும் இதே இடத்தில். நேரம் இருந்தால் ஓக்ஸாரா அருவி வரை போய் வாருங்கள், சின்னதுதான் என்றாலும் அழகு.

பாதையை விட்டு இறங்காதீர்கள். லாவாமேல் மெத்தைபோலப் படர்ந்திருக்கும் பாசியில் ஒரு காலடி பட்டால் அது மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

படி 6: கேய்சிரில் போனைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்

பெயர் தந்த கேய்சிர் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்க்கப்போவது அதன் பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரோக்கூர். ஆறிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பதினைந்து இருபது மீட்டர் உயரத்துக்கு அடிக்கும். ஐஸ்லாந்து மொழியில் ஸ்ட்ரோக்கூர் என்றால் வெண்ணெய் கடையும் தாழி. எவ்வளவு பொருத்தமான பெயர் என்பது நின்று பார்த்தால் தெரியும்.

முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அது உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் நீராவியும் சாரலும் முகத்தில் வந்து விழும். பிறகு குழியின் நடுவை விடாமல் பாருங்கள். நீர் மேலும் கீழும் மூச்சுவிடுவதுபோல அசையும், தளும்பும், அடங்கும். ஒன்றுமில்லை என்று நினைக்கும் நேரத்தில் மொத்த நீரும் கண்ணாடிக் குமிழ்போல நீலமாக உப்பும். அந்தக் குமிழ் நிற்பது ஒரு விநாடிகூட இல்லை. அதற்குள் நடுவிலிருந்து வெள்ளை நீராவி கிழித்துக்கொண்டு மேலே பாயும். அந்த நீலக் குமிழைப் பார்க்கத்தான் ஒரு மணி நேரம் வேண்டும் என்று சொன்னேன். குறைந்தது நான்கு தடவை பாருங்கள், படம் எடுப்பதை ஐந்தாவதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. ஆழத்தில் இருக்கும் நீர்மேல் மேலே நிற்கும் நீரின் பாரம் அழுத்துவதால், 100 டிகிரி தாண்டியும் அது கொதிக்க முடியாமல் கிடக்கும். பிரஷர் குக்கருக்குள் நடப்பதுதான் இதுவும். ஓரிடத்தில் ஆவி திரண்டு மேலே ஏறி, பாரம் சட்டென்று குறைந்ததும், அடியில் இருப்பதெல்லாம் ஒரே மூச்சில் கொதித்து வெளியே வருகிறது.

கூட்டம் ஸ்ட்ரோக்கூரோடு நின்றுவிடும். நீங்கள் மேட்டில் கொஞ்சம் ஏறி பிளேசி என்ற இரட்டைக் குளத்தைப் பாருங்கள். கொதிப்புள்ள குளத்தின் நீர் அடிவரை பளிங்கு. அது வழிந்து பக்கத்துக் குளத்தில் ஆறியதும் பால் கலந்த நீலமாகிவிடுகிறது. நீரில் கரைந்திருக்கும் சிலிகா என்ற தாது செய்யும் வேலை அது. கயிற்றைத் தாண்ட வேண்டாம், காலடியில் ஓடும் சின்ன ஓடையைக்கூடத் தொட வேண்டாம். 80 முதல் 100 டிகிரி வரை சூடு இருக்கும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 7: குட்ல்ஃபோஸை மேலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள்

கேய்சிரிலிருந்து பத்து நிமிடப் பயணம். லாங்யோகுட்ல் பனிமலையிலிருந்து வரும் க்வீட்டா ஆறு இங்கே 11 மீட்டர், 21 மீட்டர் என்று இரண்டு படியாக விழுகிறது. இரண்டாவது விழும் இடம் குறுகலான பிளவு என்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு பூமிக்குள் புகுந்து மறைவதுபோலத் தெரியும். முதலில் மேல்தளம், பிறகு படிக்கட்டில் இறங்கிக் கீழ்ப்பாதை. ஜாக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கள், நனையாமல் திரும்ப முடியாது.

அருகே ஒரு பெண்ணின் நினைவுக்கல் இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள். சிக்ரிதுர் தோமஸ்தோத்திர், பக்கத்துப் பண்ணையின் மகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அருவியை மின்சாரத்துக்காக வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் குத்தகைக்கு விட்டபோது, அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியவர். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஸ்வேய்ன் பியோர்ன்சன் பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். 1979 முதல் இது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. இரண்டாம் முறை போனபோது அந்தக் கல்லுக்கு எதிரில் சற்று நேரம் நின்றேன். அவர் இல்லையென்றால் நான் பார்த்த நீர் குழாய்க்குள் போயிருக்கலாம்.

படி 8: கெரித்

சிவப்பு மண் சரிவு, அடியில் நீலப்பச்சை ஏரி. எரிமலை வாயின் ஆழம் 55 மீட்டர். விளிம்பைச் சுற்றி ஒரு நடை, ஏரிக்கரைக்கு ஒரு இறக்கம். அரை மணியில் முடிந்துவிடும். மண்ணின் சிவப்பு இரும்பு துருப்பிடித்ததால் வந்தது. விளிம்பில் காற்று பலமாக இருந்தால் ஓரம் போகாதீர்கள்.

படி 9: வெந்நீர்க் குளத்தில் இறங்குங்கள்

நம்மவர்கள் தயங்குவது இங்கேதான், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஃப்ளூதிர் ஊரில் இருப்பது 1891-இல் கட்டிய பழைய குளம். நீர் ஆண்டு முழுக்க 38 முதல் 40 டிகிரி. ஐஸ்லாந்தின் குளங்களில் இறங்கும் முன் சோப்புப் போட்டு, நீச்சல் உடை இல்லாமல் முழுக்கக் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை. தலை, அக்குள், இடுப்பு, பாதம் என்று எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் படமே ஒட்டியிருப்பார்கள். மருந்து அதிகம் கலக்காத நீரை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம், அதற்கான மரியாதை இது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் தடுப்பு உள்ள ஷவர் இருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களில் உண்டு.

நீண்ட முடி உள்ளவர்கள் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி மேலே முடிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீரில் உள்ள தாதுக்கள் முடியை நாராக்கிவிடும். ஒரேயடியாக ஒன்றரை மணி உட்காராமல், கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் உடனே ஏறிவிடுங்கள். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. நான் இறங்கிய அன்று ஊசிமழை. கழுத்துவரை சுடுநீர், நெற்றியில் பனிபோல மழைத்துளி. கரையோரம் ஒரு குட்டி ஊற்று சில நிமிடத்துக்கு ஒருமுறை தளதளவென்று பொங்கி அடங்கியது. வேனில் காலையிலிருந்து பேசாமல் வந்த ஒரு முதிய தம்பதி அங்கேதான் என்னோடு பேச ஆரம்பித்தார்கள்.

படி 10: திரும்பியதும்

ரெய்க்யவிக்கில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் ஒருமுறை நினைவூட்டிவிடுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. அறைக்கு வந்து சுடுநீர்க் குழாயைத் திறந்தால் காலையில் கேய்சிரில் வந்த அதே கந்தக வாசம் லேசாக வரும். பயப்பட வேண்டாம், அதுவும் நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீர்தான். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் ஓடுவதும் பூமிச் சூட்டில் காய்ந்த நீர்தான். ஈர நீச்சல் உடையைப் பிழிந்து அதன்மேல் விரித்துவிடுங்கள், காலைக்குள் காய்ந்துவிடும்.