ரோமானிய வீட்டு ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

நெல்லை மாவட்டத் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களை நின்று பார்த்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. ரோமானிய வீட்டுக் காட்சி என்று ஒரு படம் கிடைத்தால் முதலில் எப்போது வரைந்தது என்று பாருங்கள். அல்மா-டடேமா போன்ற 19ஆம் நூற்றாண்டு ஓவியர் என்றால் அதில் அவர் கற்பனையும் நிறைய இருக்கும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ரோமானிய ஊரான பொம்பேயியின் வீட்டுச் சுவர் என்றால் கதையே வேறு, அது அந்தக் காலத்திலேயே வரைந்தது.

அப்புறம் கைகளைப் பாருங்கள். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் டெரென்டியஸ் நியோ என்பவரும் மனைவியும் இருக்கிற ஓவியம் உண்டு, பொம்பேயியில் ரொட்டிக்கடையோடு சேர்ந்த வீட்டில் கிடைத்தது. அவர் கையில் பாப்பிரஸ் சுருள், அந்த அம்மா கையில் மெழுகுப் பலகை, எழுத்தாணியை உதட்டருகே வைத்துக்கொண்டு நம்மையே பார்க்கிறார். மாவையோ ரொட்டியையோ காட்டவில்லை, எங்களுக்குப் படிக்க எழுதத் தெரியும் என்று ஊருக்குச் சொல்கிறார்கள். கணவருக்குப் பின்னால் ஒதுங்காமல் அவர் சற்று முன்னாலேயே நிற்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் இது விரும்பிக் காட்டிய கோலம், அன்றாட வீடு இல்லை, அதை மறந்துவிடாதீர்கள்.

வேறு ஓவியங்களில் பெண்கள் காதில் முத்து தெரிந்தால் நிதானமாகப் பாருங்கள், அது நம் பக்கத்திலிருந்து போனதாகவும் இருக்கலாம்; நம் தாமிரபரணிக் கரைக் கொற்கையின் முத்துக்குளிப்பை அன்றைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பே சொல்கிறது.