தூளியிலிருந்து கட்டிலுக்கு

பாப்பா ஐந்து மாதத்தில் புரள ஆரம்பித்ததும் புடவைத் தூளியை அவிழ்த்துவிட்டோம். அதற்குள் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக இனி முடியாது. தடுப்பு வைத்த மரக்கட்டில் வாங்கியாயிற்று. ஆனால் முதுகு மெத்தையில் பட்டதும் வீறிட்டாள்.

வழிக்கு வந்தது ஒரே மாற்றத்தில்தான்: முழுதாகத் தூங்கவைத்து மாற்றாமல், கண் சொருகும்போதே கட்டிலில் விட்டேன். கைக்குழந்தையின் தூக்கம் ஏறத்தாழ 50 நிமிடத்துக்கு ஒருமுறை லேசாகக் கலையும். மடியில் தூங்கியவள் கட்டிலில் விழித்தால் மிரளத்தானே செய்வாள்?

இறக்குவதிலும் ஒரு பக்குவம் உண்டு. முதலில் கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை. தலை முதலில் போனால் திடுக்கிடுவாள். கையை உடனே எடுக்காமல் நெஞ்சில் வைத்து ‘ச்சூ... ச்சூ’ என்று மெல்லத் தட்டினேன். அழுதால் தூக்கி, அடங்கியதும் மறுபடி படுக்கவைப்பேன். நாளாக ஆகத் தட்டுவதைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்றானது.

“தலையணை வைம்மா, தலை உருண்டையா வரும்” என்றார் அத்தை. “ஒரு வயசு வரைக்கும் வேண்டாம் அத்தை, மூச்சு முட்டும்” என்றேன். போர்வை, பொம்மையும் கிடையாது. கெட்டியான மெத்தையில் மல்லாக்கத்தான்.

பகல் தூக்கம் இன்னும் மடியில்தான். சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.