கழித்த பொருள்களால் ஒரு முகம்: எளிய வடிவங்களைக் கொண்டு உருவப்படம் செய்தல்

அட்டைப்பெட்டி, சோளமாவுப் பை, தேயிலைப் பொட்டலம், ஆண்டு முடிந்த நாட்காட்டி, கிழிந்த சேலையின் கரை ஆகியவற்றைக் கொண்டே ஒருவருடைய முகத்தை அவரென்று அறியும்படி அமைத்துவிடலாம். அதற்குத் தேர்ந்த ஓவியக் கை வேண்டியதில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர் வீட்டுச் சுவர்களில் மாலையிட்டு மாட்டியிருக்கும் பாட்டன் பாட்டியரின் கறுப்பு வெள்ளைப் படங்களே இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை, ஏனெனில் நிறங்கள் கண்ணை ஏமாற்றாமல் ஒளியும் நிழலும் மட்டுமே அவற்றில் நிற்கின்றன. மூலப்படத்தின் மேல் கோடு எதுவும் போடாமல், கைபேசியில் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுண்விவரங்கள் மறைந்து வெளிர், நடுத்தரம், கருமை என்ற மூன்று பகுதிகள் மிஞ்சும். அவற்றின் எல்லைகளைப் பென்சிலால் நேர்கோடுகளாகவே வரையுங்கள்.

பிறகு அளவு. நேராகப் பார்க்கும் முகத்தில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில் கண்கள் அமைகின்றன. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். தலையின் உயரம் 30 சென்டிமீட்டர் என்றால் கண்கோடு 15-இல் வரும். மூக்கின் அடி அதற்கு ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் கீழே. வாய்க்கோடு மேலும் 2.5 சென்டிமீட்டர் கீழே. முகத்தின் அகலம் 20 சென்டிமீட்டரானால் ஒரு கண் 4 சென்டிமீட்டர்; இரு கண்களுக்கு இடையிலும் அதே அளவு இடைவெளி. இவை பொதுக்கணக்கு மட்டுமே. உங்கள் பாட்டியின் முகம் எந்த இடத்தில் இக்கணக்கிலிருந்து விலகுகிறதோ, அந்த இடத்தில்தான் அவருடைய சாயல் இருக்கிறது. ஆகவே அந்த விலகலைத் திருத்தாமல் சற்றே மிகைப்படுத்துங்கள். படத்தை அட்டைக்கு மாற்றும்போது இரண்டிலும் சம எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டுக்கொள்வது நல்லது. புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது கடினமாக இராது.

நெற்றி ஒரு சரிவகம், மூக்கின் நிழல்பக்கம் ஒரு நீண்ட முக்கோணம், கன்னம் ஒரு சாய்ந்த நாற்கரம் என்று வடிவங்களைக் குறையுங்கள். வட்டத்தைக் கண்மணிக்கும் பொட்டுக்கும் மூக்குத்திக்கும் மட்டும் ஒதுக்கினால் பார்வை தானாக அங்கே போய் நிற்கும். தென்னாப்பிரிக்க ஓவியர் எஸ்தர் மஹ்லாங்கு, தம் ந்டெபெலே இனத்தாரின் மரபில் எளிய வடிவங்களால் தீட்டும் ஓவியங்களைப் பாருங்கள்; 1991-இல் பி.எம்.டபிள்யூ கார் ஒன்றின் மீதும் அவர் அவ்வடிவங்களைத் தீட்டியிருக்கிறார். அடர்நிறங்கள் அருகருகே இருந்தும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்பதற்குக் காரணம் அவற்றைச் சுற்றி ஓடும் கருங்கோடுகள். கழித்த மின்கம்பியையோ தொலைபேசிக் கம்பியையோ ஒட்டி அதே பலனைப் பெறலாம். அக்கம்பியால் வண்ணக் கிண்ணங்கள் பின்னுவது இந்நாட்டு ஜூலு மக்களின் கைவேலை.

பொருள்களை நிறம் பார்த்து அடுக்காமல், எவ்வளவு கருமை என்று பார்த்து அடுக்குவதே இதன் உயிர் என்பது என் உறுதியான கருத்து. தோலின் நிறத்தில் காகிதம் தேடி அலையாதீர்கள். நிழலுக்கு நீலப் பால்பெட்டியும் நடுத்தரத்திற்கு ரூய்போஸ் என்னும் மூலிகைத் தேநீர்ப் பொட்டலத்தின் செம்பழுப்பும் வந்தாலும், கருமை சரியாக இருந்தால் முகம் முகமாகவே தெரியும். ஐயம் வந்தால் துண்டுகளைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் பிடித்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் கைபட்ட பொருள்கள், அவர் உடுத்திய சேலையின் கரை, அவர் வாங்கிய மசாலாவின் உறை போன்றவை கிடைத்தால் அவற்றை முதலில் எடுங்கள். படம் யாருடையது என்பதை அவையும் சொல்லும்.

எல்லாவற்றையும் ஒட்டாமல் பரப்பிவைத்து, தள்ளி நின்று பார்த்து மாற்றியபின் பசையை எடுங்கள். டர்பனின் ஈரக்காற்றில் ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டிய அட்டை வளைந்துவிடும். பின்பக்கமும் அதே கனமுள்ள காகிதத்தை ஒட்டி, பாரம் வைத்து இரவு முழுவதும் உலரவிட்டால் தட்டையாக நிற்கும். வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசுங்கள். பானக் கேன்களின் தகட்டை வெட்டும்போது கையுறை அணிந்து, ஓரங்களை மடித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்கக் கலைஞர் எம்பொங்கெனி புத்தெலேசி பிளாஸ்டிக் கழிவை உருக்கி உருவப்படங்கள் செய்கிறார் என்பதைக் கண்டு வீட்டில் பிளாஸ்டிக்கைச் சூடாக்க வேண்டாம். அதன் புகை நச்சு. பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டினாலே போதும்.

அச்சிட்ட காகிதம் வெயிலில் வெளுக்குமாதலால், சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.