777 அனுமதியில் மாட்டிய மைஎஸ்கியூஎல் சர்வரைச் சரிசெய்வது எப்படி?

கொழிஞ்சாம்பாறையில் கொப்பரை வியாபாரம் செய்யும் தெரிந்தவர் ஒருவரின் கடை சர்வரை அண்மையில் பார்க்க நேர்ந்தது. உபுண்டு லினக்ஸ், மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸ், அதே கணினியில் ஓடும் பில் மென்பொருள். செட்டிங் கோப்பில் பைண்ட் அட்ரஸ் (சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்க வேண்டும் என்பது) 127.0.0.1, அதாவது அதே கணினி மட்டும், என்று தெளிவாக இருக்கிறது. அப்படியிருந்தால் வெளியிலிருந்து யாரும் டேட்டாபேஸைத் தொட முடியாது. ஆனால் கடை வைஃபையில் இருக்கும் எந்த போனிலிருந்தும் 3306 போர்ட் (மைஎஸ்கியூஎல்லின் வாசல்) பதில் சொல்கிறது!

காரணம் இதுதான். நிறுவியவர் 'பர்மிஷன் டினைடு' வந்த இடத்திலெல்லாம் 777 போட்டுவிட்டார். உரிமையாளர், குழு, மற்றவர்கள் என மூவருக்கும் ஆளுக்கொரு இலக்கம்; படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் சேர்ந்தால் 7. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும் செட்டிங் கோப்பை மைஎஸ்கியூஎல் நம்பாது. ஒற்றை வரி எச்சரிக்கை கொடுத்துவிட்டு, அந்தக் கோப்பையே படிக்காமல் கிளம்பிவிடும். 127.0.0.1 வரியும் அதோடு போச்சு. எதுவும் சொல்லாவிட்டால் எல்லா முகவரியிலும் காது கொடுப்பதுதான் அதன் இயல்பு.

பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் மைஎஸ்கியூஎல் ஃபோல்டரிலும் அதன் துணை ஃபோல்டர்களிலும் 'எல்எஸ் -எல்' கொடுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் உள்ள அனுமதி எழுத்துகளில் கடைசி மூன்று 'மற்றவர்களுக்கு'. அங்கே டபிள்யூ (எழுதும் அனுமதி) தெரிந்தால் கோளாறு உண்டு. 'எல்' என்று தொடங்கும் வரிகள் வேறு கோப்பைக் காட்டும் இணைப்புகள், அவற்றில் எப்போதும் டபிள்யூ தெரியும், விட்டுவிடுங்கள்.

படி 2: செட்டிங் கோப்புகளின் உரிமையாளரை ரூட் (கணினியில் முழு அதிகாரமுள்ள கணக்கு) ஆக்கி, 644 கொடுங்கள். 644 மட்டும் போதாதா என்றால், போதாது. 2016 செப்டம்பரில் டேவிட் கோலுன்ஸ்கி வெளியிட்ட ஓட்டையைப் பாருங்கள். செட்டிங் கோப்பு மைஎஸ்கியூஎல் பயனரின் பெயரிலேயே இருந்தால், டேட்டாபேஸுக்குள் நுழைந்தவர் லாக் எழுதும் வசதியைத் திருப்பிவிட்டு அந்தக் கோப்பிலேயே வரிகளைச் சேர்க்கலாம். சர்வரைத் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடுவது. கோப்பில் சொன்ன லைப்ரரியை அது ஏற்றிவிடும். அவ்வளவுதான், கணினி முழுக்க அவர் கையில். 5.5.52, 5.6.33, 5.7.15 பதிப்புகளில் அதை அடைத்தார்கள். பழைய பதிப்பு ஓடுகிறதென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

படி 3: டேட்டா ஃபோல்டர், அதாவது டேட்டாபேஸ் சேமிக்கப்படும் இடம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். அனுமதியை மாற்றும் 'சிஎச்மாட் -ஆர் 640' கட்டளையை ஒரே அடியாக அடித்தால் ஃபோல்டர்களுக்கும் 640 ஆகிவிடும். ஃபோல்டருக்கு எக்ஸ் (இயக்கும்) அனுமதி இல்லாவிட்டால் உள்ளே நுழையவே முடியாது. சர்வர் கிளம்பாது, லாகில் பிழை எண் 13 (அனுமதி மறுப்பு) வரும். ரூட்டாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், ஏனென்றால் ரூட்டுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் 'சூடோ -யூ' போட்டு மைஎஸ்கியூஎல் பயனராகவே சோதியுங்கள்.

எனக்கு ஃபைண்ட் கட்டளைதான் பிடிக்கும்: டைப் டி கொடுத்து ஃபோல்டர்களுக்கு 750, டைப் எஃப் கொடுத்து கோப்புகளுக்கு 640. அப்புறம் 'கீ' என்று முடியும் பெம் கோப்புகளுக்கு (மறையாக்கச் சாவிகள்) மட்டும் 600. கிராஃபிக் ஃபைல் மேனேஜரில் டிக் அடித்துக்கொண்டிருப்பதை நான் நம்புவதில்லை. எதை மாற்றினோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

படி 4: ரீஸ்டார்ட் செய்து, திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் 'எஸ்எஸ் -டிஎல்என்' கொடுங்கள். 3306-க்கு முன்னால் 127.0.0.1 வர வேண்டும். 33060 என்று மைஎஸ்கியூஎல்லின் இன்னொரு போர்ட்டும் இருக்கும், அதற்கு முன்னாலும் 127.0.0.1 வருகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: செங்கோட்டை வாசகர் ஒருவர், படி 3-க்குப் பிறகு தன் மென்பொருளால் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று எழுதியிருந்தார். அவருடையது ரெட்ஹேட் வகை லினக்ஸ். அங்கே மென்பொருள் சர்வரோடு பேசும் சாக்கெட் கோப்பு டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். மேல் ஃபோல்டருக்கு 751 கொடுத்ததும் சரியாகிவிட்டது. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பற்றியும் கேட்டார். அது கறார் பேர்வழி: டேட்டா ஃபோல்டர் 700 ஆக இருக்க வேண்டும், பதிப்பு 11 முதல் 750-ம் ஆகும், இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது. எனக்கு இந்தக் குணம்தான் பிடித்திருக்கிறது.

கடைசியாக பேக்கப் கோப்புகள். கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும் டம்ப், அதாவது டேட்டாபேஸின் நகல், பெரும்பாலும் 644 அனுமதியோடுதான் பிறக்கும், அதாவது சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதைப் படிக்கலாம். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'யூமாஸ்க் 077' சேருங்கள், புதிய கோப்புகள் உரிமையாளருக்கு மட்டும் திறக்கும். ஏற்கெனவே உள்ளவற்றுக்கு 600 கொடுங்கள். அதையே பென்டிரைவில் போட்டு எடுத்துப்போகிறீர்கள் என்றால், பென்டிரைவின் ஃபேட்32 அமைப்புக்கு இந்த அனுமதியெல்லாம் தெரியாது. ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு நகலெடுங்கள்.