ஃபாக் லைட் மாட்டும் முன் ஃபியூஸ் எங்கே என்று முடிவு செய்யுங்கள்

வண்டி வயரிங் வேலைக்கு வந்த புதிதில் ஒரு காருக்கு இரண்டு ஃபாக் லைட் மாட்டிக் கொடுத்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து வயரை நேராகக் கேபினுக்குள் இழுத்தேன். மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று ஃபியூஸை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான்கு மாதம் கழித்து வண்டி திரும்பி வந்தது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டின் ஓட்டையில் வயர் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு பாடியைத் தொட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து அந்த ஓட்டை வரை வயர் கருகிப்போய், கூடவே போன கம்பெனி வயர்க்கட்டும் உருகியிருந்தது. நான் வைத்த ஃபியூஸ் மட்டும் அப்படியே நன்றாக இருந்தது. ஓட்டியவர் புகையைப் பார்த்த உடனே இறங்கி டெர்மினலைக் கழற்றியதால்தான் வண்டி தப்பியது.

அன்றிலிருந்து யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. ஷார்ட் ஆன இடம் ஃபியூஸுக்கு முன்னால் இருந்தால், கரண்ட் ஃபியூஸ் பக்கமே போகாது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். அதனால் ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு சாண் வயரையும் ஸ்லீவ் போட்டு, எதிலும் உரசாமல் கட்டுங்கள்.

ஃபியூஸ், வயர் அளவை எப்படி முடிவு செய்வது? 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9.2 ஆம்பியர் வரும். எஞ்சின் ஓடும்போது வோல்டேஜ் 14-ஐ ஒட்டி இருப்பதால் கரண்ட் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆகவே 10 ஆம்பியர் ஃபியூஸ் போதாது, நீல நிற 15 ஆம்பியர் போடலாம். வயர் 2.5 ஸ்கொயர் எம்எம். ஐந்து மீட்டர் நீளத்துக்கு இதில் 0.3 வோல்ட்தான் குறையும். அதே இடத்தில் 0.75 வயரை இழுத்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே சூடாகப் போய்விடும், லைட்டும் மங்கும். மேலுறை தடிமனாக இருப்பதை வைத்து வயரை எடை போடாதீர்கள். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியம். வேண்டாம்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்று 15 இருந்த இடத்தில் 30 போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் முதலில் எரிவது வயர்தான்.

லைட், ஹாரன் போன்ற கனமான லோடுகளுக்கு ரிலே வேண்டும். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். 30-ம் பின்னுக்கு ஃபியூஸிலிருந்து வரும் வயர், 87-லிருந்து லைட்டுக்கு, 86-க்கு ஸ்விட்சிலிருந்து, 85 எர்த், அதாவது பேட்டரி மைனஸோடு இணைந்த வண்டி பாடிக்கு. ரிலே சுருள் இழுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான் என்பதால் ஸ்விட்சுக்குச் சின்ன வயரே போதும். சில ரிலேக்களில் உள்ளே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு இருக்கும். அவற்றில் 85-ம் 86-ம் இடம் மாறக் கூடாது. ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டே இணையுங்கள்.

ஸ்விட்சுக்கான கரண்டைச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸிலிருந்து, ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸ் இடத்தில் செருகும் கிளை இணைப்பு (fuse tap) வழியாக எடுப்பது நல்லது. கம்பெனி வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளை நான் தொடுவதே இல்லை. அவை செம்பு இழைகளை வெட்டும், ஈரம் ஏறிப் பச்சை பூக்கும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை. அந்தப் பக்கம் கையும் வேண்டாம், டெஸ்ட் லேம்பும் வேண்டாம்.

டேஷ்கேமைச் சாவி எடுத்த பிறகும் ஓட விட நினைக்கிறீர்களா? 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் ஹவர். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றே நாளில் பாதியாகிவிடும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பானர் கொஞ்சம் பாடியில் பட்டாலும் ஷார்ட்தான். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ரேடியோவைத் திறக்க ரகசிய எண் (code) இருந்தால் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எர்த். "லைட் மினுக்குது" என்று என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். பெயின்ட் மேலேயே ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருப்பார்கள். தகடு பளபளக்கும் வரை பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினலைப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள், துரு பிடிக்காது. பேட்டரி மைனஸ் முனையில் சின்ன சென்சார் பெட்டி இருந்தால் உங்கள் எர்த் வயரை அந்த முனையில் கட்டாதீர்கள், பாடியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் லைட் தின்னும் கரண்ட் அந்த சென்சாரின் கணக்கில் வராது. எல்லாம் முடிந்ததும் லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை லைட்டின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி மறுபடி சுரண்டுங்கள்.

இணைப்புகளுக்கு ஈயம் வைப்பதைவிட, டெர்மினலை வயர் மேல் அழுத்தி நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் எனக்குப் பிடிக்கும். ஈயம் ஏறிய வயர் கம்பி போல விறைத்துவிடும். வண்டி அதிர்வில், ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

தகட்டு ஓட்டையில், விளிம்பு வயரை உரசாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது க்ரோமெட், கட்டாயம். அதற்கு இரண்டு பக்கமும் வயரை டை போட்டு நிறுத்துங்கள், ஆடக் கூடாது.

அப்புறம் கால் மணி நேரம் லைட்டை எரியவிட்டு, ஃபியூஸ் ஹோல்டர், ரிலே அடி, ஒவ்வொரு இணைப்பு என்று தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த இணைப்பை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். ஃபியூஸ் ஹோல்டரில் "ஃபாக் லைட், 15 ஆம்பியர்" என்று எழுதி ஒட்டுங்கள், அடுத்து கை வைக்கும் மெக்கானிக்குக் குழப்பம் இருக்காது. ஒரு மாதம் ஓட்டிய பிறகு பானட்டைத் திறந்து, அந்தத் தகட்டு ஓட்டையில் டார்ச் அடித்து, க்ரோமெட் இடம் விட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.